மூத்த பட்டதாரிக்கு ஒரு கடிதம்

1816ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்துசேர்ந்த அமெரிக்க மிஷனரிமாருள் ஜேம்ஸ் றிச்சட்ஸ் என்பவரும் ஒருவர். மசாசுசெட்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியின் மாணவர். 1806இல் இடிமழைக்கு ஒதுங்கி வைக்கோற்போரின் அடியில் நின்று பிரார்த்தனை செய்து, கடல்கடந்த மிஷன் வேலைக்குப் போவதெனத் தீர்மானித்த ஐந்து மாணவர்களில் ஒருவராகவும் வரலாறு அவரைக் குறித்து வைத்திருக்கிறது. அவர் 1822இல் தெல்லிப்பழையில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டிலே, அவர் படித்த கல்லூரி இழுத்து மூடப்படும் நிலைக்கு வந்திருந்தது. கல்லூரியின் தலைவரே மாணவரில் ஒரு பகுதியினரை அழைத்துக்கொண்டு அம்ஹேர்ஸ்ட் என்ற ஊருக்குப் போய்ப் புதிய கல்லூரி ஒன்றின் தலைவராகிவிட்டார். எஞ்சியதைக் காப்பாற்றுவதற்குப் பழைய மாணவர்கள் ஒன்றுகூடினார்கள். 1821இல் அவர்கள் அமைத்த சங்கமே, இன்றுவரை தொடர்ச்சியாக இயங்கிவரும் பழைய மாணவர் சங்கங்களுள் உலகிலேயே மூத்தது என்று சொல்லப்படுகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1823இல், வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் நேரடித் தொடர்பு இருந்ததென்று நான் வாதிட வரவில்லை. ஆனால் வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்தியவர்கள் நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளில் வளர்ந்தவர்கள். முதல் அதிபர் டானியல் புவர் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டதாரி. அவருடன் வந்த மெய்க்ஸ் யேல் பட்டதாரி. அந்தக் கல்லூரிகளில் ஒரு வகுப்பு என்றால் அது படித்து முடிந்ததும் கலைந்துபோகும் கூட்டமன்று; யார் எங்கே இருக்கிறார், என்ன தொழில் பார்க்கிறார் என்று ஆயுள் முழுவதும் விசாரித்துக்கொண்டிருக்கும் ஓர் உறவு. அந்தப் பழக்கத்தையும் அவர்கள் தங்கள் பெட்டிகளோடு கொண்டுவந்தார்கள். செமினரி மூன்றாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிட்டது. படித்து வெளியேறியவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற கணக்கும் அங்கே வைக்கப்பட்டது.

அந்தக் கணக்கே பின்னர் செமினரிக்கு வினையாகவும் முடிந்தது. எமர்சன் ரெனன்ற் போன்ற ஆங்கில அதிகாரி ஒருவர் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுடன் ஒப்பிடத்தக்க கல்வி அங்கே கிடைக்கிறது என்று புகழ்ந்திருந்தார். ஆனால் பொஸ்டனில் இருந்த மிஷன் தலைமைப்பீடத்துக்கு வேண்டியிருந்தது புகழன்று, போதகர்கள். வட்டுக்கோட்டையில் இங்கிலீசும் கணிதமும் வானசாஸ்திரமும் படித்தவர்களோ கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் பாடசாலைகளிலும், கடல்கடந்து தென்னிந்தியாவிலும் உத்தியோகம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். 1855இல் ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழு நிலைமையை ஆராய்ந்தது. அதே ஆண்டில் செமினரி மூடப்பட்டது. படித்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்று மூடப்படும் கல்விக்கூடங்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். வேலை கிடைத்துவிட்டது என்பதற்காக மூடப்பட்ட கல்விக்கூடம் வட்டுக்கோட்டைச் செமினரியாகத்தான் இருக்கவேண்டும்.

முப்பத்திரண்டு ஆண்டுகள்தாம் அது நடந்தது. அதற்குள் ஒருவரை ஒருவர் கைதூக்கிவிடும் ஒரு வலை உருவாகிவிட்டது. 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் செமினரியில் படித்தவர்களே. பின்னாளில் அந்தப் பத்திரிகைப் பொறுப்பை ஏற்ற ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளையும் அங்கே படித்தவர்தான். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைப் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற பெயரில் 1886இல் எழுதி வெளியிட்டவர் அவர். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைத்துறையின் தொடக்கமே ஒரு கல்லூரியின் பழைய மாணவர்களிடையே கைமாறிய உத்தியோகம் என்று சொன்னால் அது மிகையாகாது. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கியபோதும் செமினரியின் மாணவர்களே அவரைத் தேடிச் சென்றனர்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் கலைமாணித் தேர்வில் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள் என்பது நாம் அடிக்கடி பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் செய்தி. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், கறோல் விசுவநாதபிள்ளை மற்றவர். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. தாமோதரம்பிள்ளை சென்னைக்குப் போனது பட்டம் பெறுவதற்காக அன்று. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனரியாக இருந்து பின் சென்னைக்குச் சென்ற பேர்சிவல் பாதிரியார் ‘தினவர்த்தமானி’ பத்திரிகைக்கு ஆசிரியராக அவரை அழைத்திருந்தார். அறிந்தவர் ஒருவர் அழைக்க, பத்திரிகை வேலைக்குப் போனவர், பல்கலைக்கழகம் ஒன்று திறக்கப்படுவதை அங்கே இருந்தபடியால் அறிந்து தேர்வு எழுதினார். பின்னர் அரசாங்கக் கணக்குத் துறையில் உயர்ந்து, சட்டம் படித்து, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். ஓய்ந்த நேரத்தில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே அவருக்கு இந்தத் தகவல்கள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. தமிழ்ப் பதிப்புலகமே ஒரு பாதிரியாரின் அழைப்புக்குக் கடன்பட்டிருக்கிறது.

இன்னுமொரு விசித்திரம். கிறிஸ்தவப் போதகர்களை உருவாக்குவதற்கென்று தொடங்கிய செமினரியில் படித்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, 1890களில் சைவர்கள் நடத்திய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் தொடக்ககாலத் தலைமையாசிரியரானார். பழைய மாணவர் உறவு சமயத்தின் வேலியையும் தாண்டிச் சென்றிருக்கிறது. மூடப்பட்ட செமினரிக்குப் பதிலாக உயர்கல்விக்கூடம் ஒன்று வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களுள்ளும் அதன் பழைய மாணவர்கள் முன்னின்றார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. வில்லியம்ஸ் கல்லூரியில் 1821இல் நடந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

அதன்பின் வந்தது மலாயாக் காலம். 1885இல் தைப்பிங்கிலிருந்து கரையோரத்துக்குப் போடப்பட்ட பாதையுடன் அங்கே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1896இல் மலாய் ஐக்கிய மாநிலங்கள் அமைந்தன. புகையிரத நிலையங்களுக்கும் பொதுவேலைத் திணைக்களத்துக்கும் திறைசேரிக்கும் இங்கிலீசு தெரிந்த எழுதுவினைஞர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் அவர்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. அந்தக் கப்பலேற்றம் நடந்த விதத்தை எங்கள் பாட்டனார் தலைமுறையினர் சொல்லக் கேட்டவர்கள் அறிவார்கள். முதலில் போனவர் ஒருவர் இருப்பார். அவர் ஒன்றில் தாய்மாமன், அல்லது அயல்வீட்டு அண்ணர், அல்லது அதே கல்லூரியில் இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அவருக்குக் கடிதம் போகும். எந்தத் திணைக்களத்தில் வெற்றிடம் உண்டு, எந்தத் துரை நல்லவர், தட்டெழுத்துப் பழகிவருவது நல்லதா, சுருக்கெழுத்தா, கோலாலம்பூரில் வந்து இறங்கினால் யாருடைய வீட்டில் தங்குவது என்றெல்லாம் பதில் வரும். பதிலோடு சில சமயம் கப்பற் காசும் வரும். சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மணியோடர் கொண்டுவரும் தபாற்காரன் முக்கிய மனிதன் ஆனான். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழி இந்தச் சூழலில்தான் நிலைத்தது.

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து எழுதியவர்கள் பலர். அதன் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். கடிதம் எழுதுவதற்கு அங்கே ஓர் அண்ணர் வேண்டும். அண்ணர் இருப்பதற்குக் கல்லூரிப் படியை முன்னரே ஏறிய குடும்பமாக இருக்கவேண்டும். 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று அரசாங்கம் சொன்னதற்கே எதிர்ப்புக் கிளம்பிய சமூகம் எங்களுடையது. நிலத்தில் இருந்து படித்த பிள்ளை யாருக்குக் கடிதம் எழுதியிருக்க முடியும்? ஒரு வலை சிலரைத் தூக்கிவிடுகிறது என்றால், அதன் கண்களுக்குள் அகப்படாதவர்கள் கீழேயே நிற்கிறார்கள் என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

இந்தக் குறையை இங்கிலாந்தில் வேறு விதமாகத் தீர்க்க முயன்றார்கள். 1892இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் நியமனக் குழு ஒன்றை அமைத்துத் தன் பட்டதாரிகளுக்கு ஆசிரியர் பதவி முதலியவற்றைத் தேடிக்கொடுக்கத் தொடங்கியது. உறவினரும் நண்பரும் செய்த வேலையை ஓர் அலுவலகம் செய்தது, அவ்வளவே. இலங்கையில் அத்தகைய அலுவலகத்துக்குத் தேவை இருக்கவில்லை. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்களை லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு ஆயத்தப்படுத்தியது. படித்தவர் தொகை சொற்பம். சிவில் சேவை, சட்டம், ஆசிரியத் தொழில் என்று பாதைகளும் தெளிவாக இருந்தன.

1942இல் இலங்கைச் சர்வகலாசாலை தோன்றியது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். அப்போது மொத்த மாணவர் தொகை 904. பத்தாண்டுகளின் பின் கலைப்பீடம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. மகாவலிக் கரையில் இராமநாதன் மண்டபம், அருணாசலம் மண்டபம் என்று பெயர் தாங்கிய விடுதிகளில் மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றாக உண்டு உறங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பின்னர் தேடிப்போவதற்குச் சங்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பட்டம் பெற்றவர் கொழும்புக்கு வந்தால் அவர் இறங்குமிடம் பெரும்பாலும் ஒரு சமறி. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் பிரமச்சாரி உத்தியோகத்தர்கள் கூட்டாக வாடகைக்கு எடுத்து, சமையற்காரன் ஒருவனையும் வைத்துக்கொண்டு வாழ்ந்த வீடுகளுக்கு அந்தப் பெயர். வெள்ளிக்கிழமை வர்த்தமானி வந்தால் அங்கே சுற்றிவர இருந்து வாசிப்பார்கள். எந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம், நேர்முகத்தில் யார் இருப்பார், எந்தப் பதவியில் ஐந்து வருடம் இருந்தும் அசையமுடியாது என்ற விஷயங்கள் வர்த்தமானியில் இருப்பதில்லை. அவை சமறியின் பின் விறாந்தையில் கிடைத்தன. உத்தியோகம் பற்றிய ஒரு முழுப் பாடநெறியே அங்கே இலவசமாக நடந்தது என்று அக்காலத்தவர் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பத்திரிகையும் அப்படியொரு விறாந்தைதான். க. கைலாசபதி பேராதனையில் பட்டம் பெற்று ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனத்துக்கு வந்து, 1959இல் ‘தினகரன்’ ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. சர்வகலாசாலையில் அவருடன் பேசிப் பழகியவர்களும் அவருக்குப் பின் வந்தவர்களும் தினகரனின் பக்கங்களில் எழுதினார்கள். ஒரு தலைமுறை எழுத்தாளரும் விமரிசகரும் அங்கே அரும்பினார்கள். கைலாசபதி சில ஆண்டுகளில் விரிவுரையாளராகப் பேராதனைக்குத் திரும்ப, ஆசிரியபீடத்தில் அமர்ந்த இ. சிவகுருநாதனும் பட்டதாரியே. கைலாசபதியின் நெருங்கிய நண்பர் கா. சிவத்தம்பி கொழும்பு ஸாஹிராக் கல்லூரியில் ஆசிரியராகவும், பின்னர் பாராளுமன்றத்தில் உரைபெயர்ப்பாளராகவும் இருந்துவிட்டே பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்த நேர்கோடற்ற பாதைகளைப் பார்க்கும்போது, கலைப் பட்டதாரிக்கு ஆசிரியத் தொழிலை விட்டால் வேறு கதியில்லை என்று இன்று சொல்பவர்களை நான் சற்று நின்று கேட்கச் சொல்வேன். பாராளுமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் என்றொரு பதவி இருப்பதை அதைப் பார்ப்பவர் ஒருவரிடமிருந்துதான் பெரும்பாலான இளைஞர்கள் அறிவார்கள்.

அறுபதுகளில் இந்தச் சங்கிலி முதன்முதலாக அறுந்தது. அறுத்தது போர் அன்று, எண்ணிக்கையும் மொழியும். 1945இல் வந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். 1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார இரண்டும் பல்கலைக்கழகங்களாயின. 1960 முதல் கலைத்துறையில் சிங்களத்திலும் தமிழிலும் படித்த மாணவர்கள் நுழைந்தார்கள். 904ஆக இருந்த தொகை அறுபதுகளின் நடுப்பகுதிக்குள் பதினாயிரத்தைத் தாண்டியது. அவர்களுள் பெரும்பாலானோர் கலைப்பீட மாணவர்கள், கிராமத்தவர்கள், குடும்பத்தில் முதற் பட்டதாரிகள். அவர்களுக்கு முன்னே சென்ற தலைமுறை இங்கிலீசில் படித்துக் கம்பனிகளிலும் வங்கிகளிலும் திணைக்களத் தலைமைகளிலும் அமர்ந்திருந்தது. ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள்தாம். ஆனால் ஒருவர் மற்றவரிடம் போய் என்ன பேசுவது என்று தெரியாத நிலை. கோட்டையில் ஒரு வர்த்தக நிறுவனத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற சுயபாஷைப் பட்டதாரிக்கு, உள்ளே இருந்த பழைய மாணவர் அந்நியராகவே தெரிந்தார். உள்ளே இருந்தவருக்கும் வெளியே நின்றவர் அப்படியே.

1971 ஏப்ரலில் தெற்கில் வெடித்த கிளர்ச்சியில் படித்து வேலையற்றிருந்த இளைஞர்கள் வகித்த பங்கை எல்லோரும் அறிவர். அதே ஆண்டில் டட்லி சீர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலமைப்பின் குழு இலங்கை பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையின்றி இருந்த நாட்டில், கிடைக்கக்கூடிய வேலைக்கும் படித்தவர் எதிர்பார்க்கும் வேலைக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையே அந்த அறிக்கையின் மையப் பொருள். அறிஞர்கள் அதைக் கல்விக்கொள்கையின் தோல்வி என்று வாசித்தார்கள். அது சரியே. ஆனால் எதிர்பார்ப்பு என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு தொழிலைப் பார்ப்பவனிடம் பேசாத மாணவன் அந்தத் தொழிலை எதிர்பார்க்கமாட்டான். ஆசிரியரையும் கிராமசேவகரையும் தவிர உத்தியோகத்தர் எவரையும் நெருங்கிக் கண்டிராத பிள்ளை வேறு எதை எதிர்பார்க்கும்?

அறிவுரை இல்லாத இடத்தைச் சிபாரிசு நிரப்பியது. 1977இல் வந்த அரசாங்கம் ‘தொழில் வங்கி’ என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் விண்ணப்பப் படிவங்கள் கொடுக்கப்பட்டன. அந்தப் படிவம் கையில் இல்லாதவனுக்கு அரசாங்க வேலை இல்லை. அதற்கு முந்திய அரசாங்கங்களும் எம்.பி.யின் கடிதத்துக்குக் கதவு திறந்தவையே என்றாலும், கடிதத்தை அச்சடித்த படிவமாக்கிய பெருமை இதற்கே உரியது. மூத்த பட்டதாரி ஒருவரிடம் போய் ஆலோசனை கேட்பதும் எம்.பி.யிடம் போய்ப் படிவம் கேட்பதும் ஒன்றே என்று நினைக்கும் மனநிலை நம்மிடையே வளர்ந்தது இந்தக் காலத்தில்தான் என்பது என் கணிப்பு. இன்றும் பழைய மாணவர் ஒருவரிடம் பேசிப்பார் என்று இளைஞர்களுக்குச் சொன்னால், ‘ஐயா, நான் ஆள் பிடிச்சு வேலைக்குப் போக விரும்பவில்லை’ என்று பதில் வருகிறது. மானமுள்ள பதில்தான். ஆனால் வேலையைக் கேட்பது வேறு, வேலையைப் பற்றிக் கேட்பது வேறு.

வடக்கில் கதை இன்னொரு திசையில் போனது. தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலைச் சுருக்கிய ஆண்டுகளில், 1974 ஒக்ரோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. கைலாசபதியே அதன் முதல் தலைவர். 1921இல் சேர். பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில் மனிதப்பண்பியல் வகுப்புகள் நடந்தன. விஞ்ஞான வகுப்புகள் தொடங்கிய இடம் வட்டுக்கோட்டை. யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடம். டானியல் புவர் வகுப்பெடுத்த அதே ஊர். 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகியது, சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தர்.

எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் பட்டதாரி ஆசிரியர்கள் பலர் ஆபிரிக்காவுக்குப் போனார்கள். நைஜீரியா எண்ணெய்ப் பணத்தில் பாடசாலைகளைத் திறந்துகொண்டிருந்தது. சம்பியாவும் ஆசிரியர்களைத் தேடியது. இது மலாயாக் கதையின் இரண்டாம் பாகம்தான். முதலில் போனவர் எழுதுவார். பின்னால் நிற்பவர் ஆயத்தமாவார். எந்த மாநிலத்தில் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறது, எங்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிச்செல்லலாமா என்று நீல நிற விமானத் தபால்கள் சுமந்துவந்த விபரங்களை எந்தத் தூதரகமும் தந்திருக்காது.

பிறகு தீ வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிந்தன. 1983 ஜூலையில் கொழும்பில் சமறிகள் எரிந்தன, அல்லது வெறுமையாயின. உயர்பதவியில் இருந்தவர் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போனார். கொழும்புக்கு வரும் இளம் பட்டதாரிக்குக் கதவைத் தட்ட வீடு இல்லாமற்போயிற்று. தொண்ணூறுகளின் முதற் பாதியில் யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்றவர் தெற்கே ஒரு நேர்முகத்துக்கு வருவதானால், முதலில் புலிகளிடம் பாஸ் எடுக்கவேண்டும். பின் கிளாலிக் கடலை இரவில் படகில் கடக்கவேண்டும். அதன்பின் இராணுவத்தின் சோதனைச் சாவடிகள். திகதி கடந்து வந்துசேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டுகளில்தான் நானும் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் நின்றேன். மூன்று பேருக்குக் கடிதம் எழுதினேன். மூவரும் நான் படித்த துறையில் எனக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு மூத்தவர்கள். ஒருவரையும் நேரில் கண்டதில்லை. ஒருவர் பதில் எழுதவில்லை. ஒருவர் நாட்டைவிட்டுப் போய்விட்டதாக அவருடைய வீட்டு உரிமையாளர் எழுதினார். மூன்றாமவர் ஒரு பத்திரிகையில் உதவியாசிரியர். தபால் அட்டையில் நான்கு வரி எழுதியிருந்தார். சான்றிதழைக் கொண்டு வரவேண்டாம், எழுதியவை மூன்றைக் கொண்டுவாரும். மாலை ஐந்து மணிக்குப் பின் வந்தால் அச்சுக்குப் போகுமுன் அலுவலகம் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். பார்த்தபின்னும் விருப்பம் இருந்தால் பேசுவோம் என்பது சாரம். போனேன். அவர் எனக்கு வேலை எடுத்துத் தரவில்லை. அதற்கான அதிகாரம் அவரிடம் இருக்கவுமில்லை. மரணச் செய்தியை எழுதப் பழகாதவன் தலையங்கம் எழுத நினைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். வேறொரு பத்திரிகையில் எட்டு மாதம் கழித்து எனக்கு இடம் கிடைத்தபோது முதலில் கொடுக்கப்பட்ட வேலை மரண அறிவித்தல்களைத் திருத்துவதுதான்.

இந்த வரலாற்றில் குரல் கேட்காதவர்கள் உண்டு. உடுவிலில் 1824இல் பெண்கள் பாடசாலை தொடங்கிற்று. அங்கே படித்தவர்கள் வட்டுக்கோட்டையில் படித்தவர்களுக்கு மனைவியரானார்கள் என்று மிஷன் குறிப்புகள் திருப்தியுடன் சொல்கின்றன. அவர்களுள் யார் யாருக்குத் தொழிலில் வழிகாட்டினார் என்ற பேச்சு இல்லை. பேராதனைக்குப் பெண்கள் வந்தபின்னும் சமறியின் விறாந்தை அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. மலையகத் தமிழரின் நிலை இன்னும் மோசம். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளில்தான் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. லயத்திலிருந்து முதலில் பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு முன்னால் யாரும் நடந்திருக்கவில்லை. அங்கே உருவான முதற் பட்டதாரிகள் தம் பின்னால் வந்தவர்களுக்கு விடுமுறையில் தோட்டம் தோட்டமாகப் போய் வகுப்பு நடத்தியதை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடமிருந்து யாழ்ப்பாணம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

இன்று புலம்பெயர் நகரங்களில் பழைய மாணவர் சங்கங்களுக்குக் குறைவில்லை. இராப்போசனம் நடக்கிறது, மலர் வெளியிடப்படுகிறது, பாடசாலைக்குக் கட்டடமும் கணினிகளும் வந்து சேர்கின்றன. கொடுப்பவர்களின் மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவோரப் பந்தல்களில் இருந்தபோது, அவர்களுடைய கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருந்தது: அரசாங்க நியமனம். 2020இல் ஐம்பதினாயிரம் அளவிலான பட்டதாரிகள் பயிலுநர்களாக எடுக்கப்பட்டார்கள். பலருக்கு அலுவலகங்களில் இருக்கக் கதிரை இருக்கவில்லை. 2022இல் நாடு வங்குரோத்தானபின் அந்தக் கதவும் ஏறக்குறைய சாத்தப்பட்டது. பந்தலில் இருந்த வரலாற்றுப் பட்டதாரிக்கும், அதே துறையில் படித்து ரொறன்ரோவில் ஆவணக் காப்பகத்திலோ, மெல்பேணில் குடிவரவு ஆலோசனை நிலையத்திலோ, கொழும்பில் காப்புறுதி நிறுவனத்திலோ இருக்கும் மூத்தவருக்கும் இடையே ஒரு தொலைபேசி அழைப்பின் தூரம்தான். அழைப்பதற்கு இலக்கம் யாரிடம் இருக்கிறது?

பல்கலைக்கழகங்களில் இப்போது தொழில் வழிகாட்டல் அலகுகள் இருக்கின்றன. விண்ணப்பம் எழுதவும் நேர்முகத்துக்கு உடுத்தவும் பழக்குகிறார்கள், வேண்டியதே. ஆனால் நான் விசாரித்த கலைத் துறைகள் சிலவற்றில், கடந்த இருபது ஆண்டுகளில் வெளியேறியவர்கள் எங்கே என்ன செய்கிறார்கள் என்ற பதிவேடு கிடையாது. விரிவுரையாளர் ஒருவர் தம் கைபேசியில் உள்ள பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து எனக்குப் பதினொரு பேரைச் சொன்னார். பரீட்சைப் பெறுபேறுகள் பத்திரமாக இருக்கின்றன. வட்டுக்கோட்டையில், தட்டெழுத்துப் பொறி கூட இல்லாத காலத்தில், மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்தக் கணக்கை எடுத்து அச்சடித்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு பட்டதாரிப் பெண் என்னைத் தொடர்புகொண்டார். புவியியல் படித்தவர். நில அளவையோடு தொடர்புடைய கணினி வரைபட வேலை என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்குத் தமிழில் படித்த கலைப் பட்டதாரி போகலாமா என்பது கேள்வி. எனக்குத் தெரியாது என்று சொல்லி, தெரிந்திருக்கக்கூடிய இருவருடைய பெயரைக் கொடுத்தேன். இருவரும் அவர் படித்த பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். என்ன எழுதுவது என்று கேட்டார். வேலை கேட்கவேண்டாம், அவர்கள் காலையில் அலுவலகம் போனால் மாலை வரை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள் என்றேன். ஒருவர் இரண்டு நாளில் மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினாராம். மற்றவர் இன்னும் எழுதவில்லை.